கோடு விழாத வாசல்

தேரிவிளையில் பச்சைக் கோடு முதன்முதலில் தெரிந்தது மாவு மில்லில், விளக்கு வைக்கிற நேரத்தில், மிளகாய் வற்றல் சட்டியோடு தோளுரச நின்றிருந்த இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவில். தோளில் தொடங்கி முழங்கை வழியாக இடுப்பு வரை, தையல்காரர் சாக்கட்டியால் இழுத்தது போல மெலிசாக, பாசி நிறத்தில், நடுங்காமல் நின்றது அது. மில்காரர் பெல்ட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். இருவரும் ஓரடி விலகியபோது கோடு மங்கியது, மறுபடி சேர்ந்தபோது துலங்கியது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு வைத்து, ஒருத்தி குழம்பை மற்றவள் வாயில் வைத்தறியாதவர்கள் அவர்கள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனாலும் மில்காரர், "என்னமோ நெனச்சோம், உள்ளுக்குள்ள எவ்வளவு ஒட்டு பாத்தியளா" என்றார். வரிசையும் ஆமாம் என்றது. பிறகு பெல்ட் ஓடத் தொடங்கியது, மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மினார்கள்.

அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான். பெயர் சுகிர்தா. ஊருக்கு மேற்கே தேரி என்கிற செம்மணல் மேட்டில் கட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் சிறுநீரகச் செல்களைத் தட்டுகளில் வளர்த்து ஆராய்வது அவள் வேலை. தட்டின் அடியில் செல்கள் தளக்கல் பாவியது போல இடைவெளி இல்லாமல் வளரும். ஒரு செல் இன்னொரு செல்லைத் தொடுகிற விளிம்பில் ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடி முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஒரு சொட்டு அளவுக்குச் சின்னக் குப்பியில் அடைபட்டு, உறைபனிப் பெட்டியில் வைத்துத் தூர தேசத்திலிருந்து வரும். அதன்மேல் ஒளிரும் சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இருட்டுக்குள் பச்சைத் தேன்கூடு தெரியும். அந்த ஐப்பசியில் புயல் வந்து மின்கம்பங்கள் சாய்ந்து, ஜெனரேட்டரும் டீசல் இல்லாமல் நின்றுபோனபோது உறைபெட்டியில் இருந்ததெல்லாம் உருகிவிட்டது. உருகியதை நம்பி வேலை செய்யக் கூடாது என்பது அவர்கள் முறை. சுகிர்தா குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் கொட்டினாள், அந்த முயல்களை நினைத்துக் கொஞ்சம் நின்றாள், குழாயைத் திறந்துவிட்டாள். அந்த நீர் தேரி மணலில் இறங்கி ஊர்க்கிணற்றுக்கு வந்ததா, ஒரு கைக்குள் அடங்கும் நீர் ஓர் ஊரை நனைக்குமா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. அந்தப் புயலில் ஒரு மாட்டுக் கொட்டகையின் தகரக்கூரை பறந்து சர்ச் கோபுரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதை இறக்குகிற கவலையில் இருந்த ஊருக்குக் கோடு சின்ன விஷயம்.

ஆனால் கூரையை இறக்கிய பிறகும் கோடு இருந்தது. முதலில் அது கண்டதில் எல்லாம் ஒட்டியது. ஆளுக்கும் குடைக்கும் நடுவில், ஆளுக்கும் எருமைக்கும் நடுவில், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரோடு. அப்போதுதான் ஊர்க்கமிட்டித் தலைவர் தங்கப்பழம், பால் டிப்போ வைத்திருப்பவர், நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு சுகிர்தா வீட்டுக்கு வந்தார்.

"டாக்டரம்மா, இது உங்க ஆபீஸ் சரக்குன்னு பேசிக்கிடுதாவ. உள்ளதா?"

"எங்க சரக்கு மாதிரிதான் இருக்கு" என்றாள் சுகிர்தா.

"என்ன சரக்கு, நாங்க வெளங்கிக்கிடுத மாதிரி சொல்லுங்க."

அவள் பள்ளிக்கூடங்களுக்குப் போனால் சொல்கிற உதாரணத்தைச் சொன்னாள். உடம்பு ஒரு கட்டடம், செல் செங்கல், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சாந்து மாதிரி ஒரு புரதம், அது இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சாயம். கண்டதிலும் ஒட்டாமல் இருக்க நாங்கள் முதலில் பால் பவுடர் கரைத்து ஊற்றி ஊறவைப்போம், அப்புறம்தான் இதை விடுவோம், அப்போது சரியான இடத்தில் மட்டும் பிடிக்கும் என்றாள்.

"அப்ப ஒட்டு இருக்க எடத்துலதான் கோடு வரும்."

"ஒட்டுன்னு வச்சுக்கிடலாம். ஆனா..."

அந்த நேரத்தில் அவள் கணவர் ஞானதிரவியம் தட்டில் காப்பி கொண்டுவந்தார். தங்கப்பழம் எழுந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று தம்ளரை வாங்கினார். எல்லோரும் காப்பி குடித்தார்கள். 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. அது சுகிர்தாவின் தொண்டையில் காப்பியோடு இறங்கிப் போயிற்று.

மறுநாளிலிருந்து ஊர் கைகளில் பாலைத் தடவத் தொடங்கியது. தோளிலிருந்து விரல்நுனி வரை தடவி, காய விட்டு, அந்தி வெளிச்சத்தில் பக்கத்தில் நின்றால், பால் தடவாத குடையும் எருமையும் ஒதுங்கிக்கொண்டன. மனிதர்களுக்கு நடுவில் மட்டும் கோடு வந்தது, அல்லது வராமல் இருந்தது. வருகிறவர்களுக்கு நடுவில் ஒட்டு இருக்கிறது என்றும் வராதவர்களுக்கு நடுவில் இல்லை என்றும் ஊர் புரிந்துகொண்டது. புரிந்துகொண்ட பிறகு ஊருக்கு எல்லாமே எளிதாயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு ஒரு தூக்கு பாலும் கொண்டுவந்தார்கள். கூட்டு வியாபாரம் தொடங்குகிறவர்கள் கல்லாவுக்கு முன்னால் தோள் சேர்த்து நின்று காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனையில் பெஞ்சு பெஞ்சாகப் பச்சைக் கோடு ஓடியது, சர்ச் ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். ஸ்டுடியோக்காரர் குடும்பப் படங்களை அந்தியில் மட்டும் எடுத்தார். பால் முழுக்கக் கைகளுக்கே போனதால் டீக்கடைகளில் கடுங்காப்பி மட்டும் கிடைத்தது, அதற்கும் ஊர் பழகிக்கொண்டது.

கோடு வராதவர்களும் இருந்தார்கள். சைக்கிள் கடையில் நாள் தவறாமல் ஸ்பானரை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்கிற அண்ணன் தம்பிக்குக் கோடு வரவில்லை. மீன் விற்கிற செல்லக்கிளிக்கும் அவள் புருஷனுக்கும் வரவில்லை. அவர்கள் வீடு சுகிர்தாவின் வீட்டுக்கு அடுத்த வீடு. அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது விடியற்காலை ஊர்ச் சங்கு ஊதும் முன்பே தொடங்கிவிடும். சைக்கிள் கடைச் சகோதரர்களைப் பெரியவர்கள் பேசிப் பாகம் பிரித்து வைத்தார்கள். பிரிந்த மாதத்திலேயே மூத்தவர் படுத்த படுக்கையானார். செல்லக்கிளியிடம் மீன் வாங்குவதைச் சிலர் நிறுத்தினார்கள், இருட்டு வீட்டு மீன் என்றார்கள்.

"ஏன் மதினி," என்று செல்லக்கிளி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சுகிர்தாவிடம் கேட்டாள், "ராத்திரி கண்ணு மூடுத வரைக்கும் அந்த மனுசன் எங்கிட்ட பேசிக்கிட்டேதான் கெடக்காரு. நானும் பேசிக்கிட்டேதான் கெடக்கேன். இதுக்கு மேல என்ன எழவு ஒட்டு வேணுமாம் இவங்களுக்கு?"

சுகிர்தா துணியை உதறிக் கொடியில் போட்டாள். பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

செல்லைச் செல்லோடு ஒட்டவைக்கிற புரதங்கள் வேறு உண்டு. அவள் கொட்டிய குப்பி தேடுவது அவற்றை அல்ல. அது தேடுவது அடைக்கிற புரதத்தை. இரண்டு செல்களின் விளிம்பையும் வரிந்து தைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு சொட்டு நீரும் ஒரு துளி உப்பும் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அதன் வேலை. கோடு எங்கே அறுபடாமல் ஓடுகிறதோ அங்கே எதுவும் கடப்பதில்லை. அதைத்தான் அவள் அன்றைக்கு 'ஆனா'வுக்குப் பிறகு சொல்ல இருந்தாள்.

அப்புறமும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் ஊரிலேயே பிரகாசமான கோடு அவளுக்கும் ஞானதிரவியத்துக்கும் நடுவில்தான் விழுகிறது என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது.

ஞானதிரவியம் பஸ் ஸ்டாண்டு அருகே பைப்புக் கடை வைத்திருந்தார். பிவிசி குழாய், எல்போ, வாஷர், டெஃப்ளான் டேப், ஒட்டுப்பசை. ஒரு சொட்டு ஒழுகக் கூடாது என்பார், ஒழுகினால் கொண்டுவா, மாற்றித் தருகிறேன் என்பார். ஒழுகியதாக யாரும் திரும்பி வந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். குரல் உயர்த்த மாட்டார். மாலை கடையிலிருந்து வந்து, கால் கழுவி, வராந்தாவில் இரண்டு பிரம்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்காருவார், மற்றதில் சுகிர்தா உட்காருவாள். மோட்டார் காயில் விலை ஏறியதை அவர் சொல்வார், நாளைக்கு என்ன சமையல் என்பதை அவள் சொல்வாள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் கோடு தரையிலிருந்து தலை உயரத்துக்கு வளர்ந்து நிற்கும், தெருவிளக்கு தேவைப்படாத அளவுக்கு. பாலே தடவ வேண்டாம். புதிதாகக் கல்யாணமானவர்களை அந்த நேரத்தில் கூட்டிவந்து வாசலில் நிறுத்தி, "இந்த மாதிரி இருக்கணும்" என்று காட்டிப் போவது ஊரில் ஒரு சடங்காகவே ஆயிற்று. ஞானதிரவியம் அவர்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்.

மூன்று வருஷமாக அவர்கள் இருவரும் தங்கள் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டதில்லை.

பெர்சிஸ் வேறு தெருவைச் சேர்ந்த, வேறு சாமி கும்பிடுகிற, வேறு எல்லாமான ஒருவனை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சுடலைமுத்துவை, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். போன அன்று ஞானதிரவியம் கடையைத் திறந்து வைத்திருந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவர் பேசியது ரசத்தில் உப்பு குறைவு என்பதை மட்டும். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுகிர்தா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில், வாரத்துக்கு ஒரு தடவை மகளிடம் போனில் பேசுவாள். வாடகை வீடு, ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, எப்போதும் சொட் சொட்டென்று சத்தம், தூக்கமே வரவில்லை அம்மா என்பாள் பெர்சிஸ். ஞானதிரவியம் அடுத்த அறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருப்பார்.

தை மாதத்தில் பெர்சிஸ் வேறு விஷயம் சொன்னாள்.

"எம்மா, தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. பிரஷர் கூடிக்கிட்டே போவுதாம். அவிய ஷிப்ட்டுக்குப் போனா வீட்ல ஒரு ஈ காக்கா இல்ல. மாமியாரும் இல்ல. தலப்பிரசவம்மா. நான் எங்க போவேன், சொல்லு."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அந்த ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம். பகையாளி வீட்டுப் பெண்ணுக்குக்கூட அதை மறுக்க மாட்டார்கள். சுகிர்தா அன்று மாலை வராந்தாவில், நாளைய சமையலைச் சொல்ல வேண்டிய நேரத்தில், "பெர்சி பிள்ளப்பேறுக்கு இங்க வரணும்னு கேக்கா" என்றாள்.

ஞானதிரவியம் தெருவைப் பார்த்தார். "ஊர்ல ஒரு முறை வச்சிருக்காவல்லா," என்றார். "அதும்படி பாப்போம்."

ஊர் வைத்திருந்த முறை இது. வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் அந்தியில் வாசலில் நிறுத்தி, பால் தடவி, வீட்டுத் தலைவர் பக்கத்தில் நிற்க, ஊர் பார்க்க வேண்டும். கோடு விழுந்தால் வீட்டுக்குள் போகலாம். விழாவிட்டால் வந்த வழியே போக வேண்டும்.

சுகிர்தா யோசித்தாள். ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனையின் முடிவை முன்கூட்டியே கணிப்பது போல, உணர்ச்சி இல்லாமல் யோசித்தாள். மூன்று வருஷம் ஒரு வார்த்தை கடக்காத இடம் அது. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருப்பதைவிட இறுகிய அடைப்பு இந்த ஊரில் எங்கே இருக்கும்? கோடு விழும். மதில் உயரத்துக்கு விழும். ஊர் அதை ஒட்டு என்று நினைத்துக் குலவை போடும், பெர்சி உள்ளே வந்துவிடுவாள். தான் செய்ய வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

"வா" என்று போனில் சொன்னாள். "சாயங்காலம் பொழுது சாயுதப்போ வா."

பெர்சிஸ் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது வாசலில் பாதித் தெரு நின்றிருந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் ஆட்டோ கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் இறங்கினாள். சுடலைமுத்து பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். தங்கப்பழத்தின் ஆள் பால் கிண்ணத்தோடு தயாராக நின்றான்.

"மாப்பிள்ளைக்கும் ரெண்டு கை தடவுங்கப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எங்க பக்கமெல்லாம் பாலக் குடிக்கதுதான் வழக்கம்" என்றான் சுடலைமுத்து. சிலர் சிரித்தார்கள். மதிலுக்கு மேல் செல்லக்கிளியின் தலை தெரிந்தது. அவள்தான் சத்தமாகச் சிரித்தாள்.

ஞானதிரவியம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். பெர்சிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பால் தடவினார்கள். காயும் வரை தெரு காத்திருந்தது. மேற்கே தேரியில் வெளிச்சம் செம்மண்ணோடு செம்மண்ணாக அடங்கியது. இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.

கோடு விழவில்லை.

கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை பால் தடவினார்கள். அப்பாவின் முழங்கையும் மகளின் முழங்கையும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் அந்தி இருட்டு மட்டும் இருந்தது, எந்த இரண்டு கைகளுக்கு நடுவிலும் இருக்கிற சாதாரண இருட்டு.

சுகிர்தா கேட்டைப் பிடித்துக்கொண்டாள். கணக்குத் தப்பிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று அங்கே கடந்துகொண்டிருந்தது, அது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றார் தங்கப்பழம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா எல்லாருக்கும் ஒரு முறைதான். ஏ, ஆட்டோவத் திருப்பச் சொல்லு."

சுடலைமுத்து பையைக் கீழே வைத்தான். பெர்சிஸ் இறங்கியபோது பிடித்த அதே கம்பியை மறுபடி பிடித்தாள்.

"நில்லுங்க," என்றாள் சுகிர்தா. "கன்ட்ரோல் வைக்கல."

அவள் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் கன்ட்ரோல் மேடம் என்பார்கள். எதைச் சோதித்தாலும், அந்தப் புரதம் எந்த வேலையும் செய்ய வழியில்லாத ஒன்றையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதுவும் ஒளிர்ந்தால், நீ பார்த்த ஒளிக்கு நீ நினைத்த அர்த்தம் இல்லை. அது இல்லாமல் யாரும் அவளிடம் முடிவு என்று ஒன்றைக் கொண்டுவர முடியாது. இந்த ஊர் இத்தனை மாதமாக அது இல்லாமல்தான் முடிவு சொல்லிக்கொண்டிருந்தது, அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணத்தை வாங்கி, மிச்சப் பாலைக் கேட்டின் சிமெண்டுத் தூணில் தடவினாள். காய்ந்ததும் கணவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தூணோடு ஒட்டி நிறுத்தினாள்.

தூணுக்கும் ஞானதிரவியத்துக்கும் நடுவில் பச்சைக் கோடு பாதத்திலிருந்து தலை வரை எரிந்தது.

"தூணுக்கும் அண்ணாச்சிக்கும் என்னம்மா ஒட்டு?" என்றார் தங்கப்பழம்.

"ஒரு ஒட்டும் இல்ல. நீங்களும் வந்து நில்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அவருக்கும் விழுந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டுத் தூணிலிருந்து நகர்ந்துகொண்டார்.

"இது ஒட்டக் காட்டலங்க. அடைப்பத்தான் காட்டுது. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு எதுவும் போகாத எடத்துலதான் இது வரும். தூணுக்குள்ள நாம போக முடியாது, தூண்ல இருந்து எதுவும் நம்மகிட்ட வராது. அதான் வருது." அவள் குரல் வகுப்பெடுக்கிற குரலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு வார்த்தையையும் விழுங்காமல் சொன்னாள்: "எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் நடுவுல வாரதும் அதுதான்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். போன வாரம் மிட்டாய் வாங்கிப் போன புதுப்பெண் ஒருத்தி முன்வரிசையில் நின்றிருந்தாள், அவள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானதிரவியம் தூணிலிருந்து நகரவில்லை. "ஒழுகாம அடைக்குத வாஷரா?" என்று கேட்டார்.

"வாஷர்தான்" என்றாள் சுகிர்தா.

மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் தன் கையைப் பார்த்தார், மகளுக்குப் பக்கத்தில் இருட்டாகக் கிடந்த அந்தக் கையை.

"எப்பா," என்றாள் பெர்சிஸ். ஆட்டோ கம்பியை விடாமலே சொன்னாள். "அந்த வாஷர் நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒழுகல."

சுகிர்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுடலைமுத்துதான் சொன்னான். போன கோடையில் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பேர் சொல்லவில்லை. உள்ளே ஒரு பித்தளைக் குழாய், இரண்டு வாஷர், ஒரு டெஃப்ளான் டேப். டேப்பை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று ஒரு துண்டுக் குழாயில் சுற்றியே காட்டியிருந்தது.

ஞானதிரவியம் குனிந்து மகளின் கால்களைப் பார்த்தார். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"காலெல்லாம் நீர் கோத்துக் கெடக்கு," என்றார். "இதோட நிக்க வச்சிட்டியளேடே இவ்வளவு நேரம்." கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்தார். பையை எடுத்துக்கொண்டு, வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். பெர்சிஸ் பின்னால் போனாள்.

"டாக்டரம்மா," என்றார் தங்கப்பழம். "நீங்க சொல்லுதது உள்ளதாவே இருக்கட்டும். இத்தன நாளா சொல்லலியே. எத்தன கல்யாணம் முடிஞ்சிருக்கு. எத்தன பேரு பாகம் பிரிஞ்சிருக்கான். இனிம சொன்னா யாரு கேப்பா?"

அவள் சைக்கிள் கடை மூத்தவரை நினைத்தாள். "தெரியல" என்றாள்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஊர் ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசியது, அப்புறம் டாக்டரம்மா மகளுக்காகக் கதை கட்டினாள் என்று முடிவு செய்து நிம்மதி அடைந்தது. தூணுக்கும் மனிதருக்கும் கோடு விழுவது ஏன் என்பதற்கு ஐயர் ஒரு நல்ல விளக்கம் வைத்திருந்தார்: உறுதியான மனிதர்களை வேதம் தூண்களுக்கு ஒப்பிடுகிறது. கல்யாணங்கள் பாலோடு நடந்தன. ஞானதிரவியத்தின் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. புதுத் தம்பதிகள் வராந்தாவைப் பார்க்க வருவது நின்றது. டிப்போப் பால் அந்த வீட்டுக்கு வருவதும் நின்றது. பெர்சிஸுக்கு ஆட்டுப்பால் மதிலுக்கு மேலே வந்தது, செல்லக்கிளியின் வசவோடு. "இந்தாட்டி, மூக்கப் பொத்திக்கிட்டுக் குடி. எங்க இருட்டு ஆட்டுப் பாலு."

மாசி முடிகிற நேரத்தில் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் ரொம்ப நெருக்கடிக்குப் பிறகு பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்தார்கள்.

வராந்தாவில் கோடு அப்படியேதான் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் ஓர் அடைப்பு விலகிவிடாது என்று சுகிர்தாவுக்குத் தெரியும். அவர் மோட்டார் விலையைச் சொல்வதை நிறுத்தியிருந்தார், அவள் சமையலைச் சொல்வதை நிறுத்தியிருந்தாள், வேறு எதைச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. நடுவில் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருக்க, உள்ளே தொட்டில் ஆடுகிற சத்தத்தைக் கேட்டபடி இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓர் அந்தியில் அவர், "குழாய் ஒழுகுதுன்னு அவ சொன்னத நீ எங்கிட்ட சொல்லல" என்றார்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

"செஞ்சேம்லா."

"எனக்குத் தெரியாமச் செஞ்சிய. கண்டக்டர் கையில குடுக்கத் தெரிஞ்சிருக்கு. பக்கத்துல இருக்கவ கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியல."

"நீ கதவச் சாத்திக்கிட்டுல்லா பேசுவ."

"தெறந்து வச்சுப் பேசுத மாதிரியா நீங்க இருந்திய?" அவள் குரல் உயர்ந்தது. உயர்ந்ததை அவளே கேட்டாள், ஆனாலும் இறக்கவில்லை. "அவ கல்யாணத்தன்னைக்குக் கடையத் தொறந்து வச்சு வாஷர் வித்தவருதான நீங்க."

"நீ லேபுக்குப் போகலியோ அன்னைக்கு?"

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

சுகிர்தா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "போனேன். எதுல எத ஊத்துனேன்னே தெரியல. தட்டெல்லாம் கெட்டுப்போச்சு. பூராத்தையும் எடுத்துக் கொட்டிட்டு, கழுவுத எடத்துல நின்னு அழுதுட்டு வந்தேன். வந்து ரசம் வச்சேன். உப்பு கொறவுன்னு சொன்னிய."

"கொறவாத்தான் இருந்துச்சு," என்றார் ஞானதிரவியம். அவர் குரலும் சரியாக இல்லை. "எனக்கு அன்னைக்கு எதுவுமே ருசிக்கல. அத எப்படிச் சொல்லுததுன்னு தெரியாம அப்படிச் சொன்னேன்."

"இப்ப சொல்லுதிய. மூணு வருசம் கழிச்சு."

"நீ கேட்டியா?"

"நான் ஏன் கேக்கணும்?"

கோடு முதலில் முழங்கை உயரத்தில் அறுந்தது. அறுந்த இடம் கீழே பரவியது, மேலே பரவியது. அவர்கள் அதைப் பார்க்கவில்லை. யார் முதலில் பேசாமல் போனது என்பதில் இருந்தார்கள், அதற்கு இருவரிடமும் நிறையச் சாட்சிகள் இருந்தன. டிப்போவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த தங்கப்பழம் கேட்டருகே வந்து நின்று பார்த்தார். கடைசித் துண்டுக் கோடும் நாற்காலிக் கால்களுக்கு நடுவில் அணைந்து, வராந்தா இருண்டது. இருட்டுக்குள் இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேசிக்கொண்டே இருந்தன.

"நல்லா இருந்த குடும்பம்" என்றார் அவர், நின்றிருந்தவர்களிடம். அவர்களும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்கள்.

பிறகு எல்லோரும் அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் வராந்தாக்களில் புருஷனும் பெண்டாட்டியும், அப்பனும் மகனும், மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பச்சைக் கோடுகள் நடுங்காமல் எரிந்துகொண்டிருந்தன. தெருக்கோடி வரை அப்படி ஒரு வெளிச்சம். செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.